ஹெமடைட் நகை வாங்கும்போது காந்தம் எடுத்துட்டு போங்க

ஹெமடைட்ங்கற இரும்புத் தாதுக் கல்லுல செஞ்ச மணிமாலை, பிரேஸ்லெட் வாங்கப்போறீங்கன்னா ஃப்ரிட்ஜ்ல ஒட்டுற சின்ன காந்தம் ஒண்ண பையில போட்டுக்கிட்டு போங்க, மணி டக்குன்னு வந்து ஒட்டிக்கிச்சுன்னா இல்ல மணிக்கு மணி தானாவே ஒட்டிக்குதுன்னா அது பூமியிலேர்ந்து எடுத்த கல்லு இல்ல, ஃபேக்டரில செஞ்சது. அதுக்கு இயற்கை கல்லு விலை குடுக்காதீங்க.

ஏன்னா ஹெமடைட்ல எடையில சுமார் 70% இரும்புதான், ஆனா அதுல இருக்கற இரும்பு அணுக்களோட காந்தத்தன்மை ஒண்ணையொண்ணு கிட்டத்தட்ட ரத்து பண்ணிடறதால சாதாரண காந்தம் அத இழுக்காது. 4000 வருஷம் முன்னாடி மெசபடோமியால (இன்னைய ஈராக் பகுதி) களிமண்ல உருட்டி அச்சு பதிக்கற உருளை முத்திரை செதுக்கினதும் இதே கல்லுலதான், விக்டோரியா காலத்து இங்கிலாந்துல துக்க நகைலயும் இத வச்சாங்க, அவ்ளோ பழைய கல்லு. வலுவா ஒட்டுற மணியெல்லாம் பொதுவா ஃபெரைட், அதாவது இரும்பு ஆக்சைடு கலந்த பொடிய அழுத்தி சுட்டு காந்தம் ஏத்தினது. போட்டுக்க அழகாதான் இருக்கும், விலைதான் வேற!

ஆனா ஒட்டலைன்னா உடனே ஒரிஜினல்னு முடிவு பண்ணிடாதீங்க, கறுப்பு கண்ணாடியும் ஒட்டாது. அதுக்கு மெருகு இல்லாத டைல்ஸ் பின்பக்கத்துல உதிரி மணி ஒண்ண உரசுங்க, ஹெமடைட்னா செங்கல் நிறத்துல கோடு விழும், கண்ணாடின்னா விழாது (மெருகு போயிடும், அதனால கோர்த்த நகைய உரசாதீங்க). மேக்னடைட் (காந்தம் இழுக்கற இன்னொரு இரும்புத் தாது) கலந்த நிஜக் கல்லும் லேசா இழுபடும், அத போலின்னு ஒதுக்க வேண்டாம். கொக்கி ஸ்டீலா இருந்தா அதுவும் ஒட்டும், மணிய மட்டும் பாருங்க.