கருப்பட்டிக் கழிவிலிருந்து மட்கும் பிளாஸ்டிக்

உடன்குடிப் பக்கம் கருப்பட்டி காய்ச்சும் இடங்களில் இறுகாமல் இளகிப்போன கழிவுப்பாகு, பேசில்லஸ் மெகாடீரியம் என்னும் மண் பாக்டீரியாவுக்கு நல்ல தீனியாகும். இவ்வுயிரி தன் உடலுக்குள் பாலிஹைட்ராக்சிபியூட்டிரேட் என்னும் பிளாஸ்டிக்கைச் சேமிப்பதை 1926இல் பிரெஞ்சு அறிவியலாளர் மாரிஸ் லெமுவான் கண்டறிந்தார்.

பதநீர்க் கலயத்தில் தடவிய சுண்ணாம்பு பாகில் எஞ்சியிருக்கக்கூடும் என்பதால், பாகை வெந்நீரில் கரைத்துத் தெளியவிட்டு வடிகட்டுங்கள். லிட்டருக்கு ஏறத்தாழ 20 கிராம் சர்க்கரை இருக்குமாறு நீர் சேர்த்து, 1 கிராம் அம்மோனியம் சல்பேட்டும் சிறிது பாஸ்பேட், மெக்னீசிய உப்புகளும் இட்டு, பிஹெச் அளவை 7க்குக் கொண்டுவந்து, ஆட்டோகிளேவ் என்னும் நீராவிக் கிருமிநீக்கக் கலனில் 121 டிகிரி செல்சியசில் 15 நிமிடம் வைத்து ஆறவிட வேண்டும்.

நைட்ரஜன் உப்பான அம்மோனியம் சல்பேட்டைத் தாராளமாக இடாதீர்கள். இம்முறையின் உயிர்நாடியே அதில்தான் இருக்கிறது. சர்க்கரை மிகுந்திருந்தும் நைட்ரஜன் தீர்ந்துபோகும்போது, பெருக வழியற்ற பாக்டீரியா, குதிரில் நெல்லைக் கொட்டிவைக்கும் குடியானவரைப் போல, மிச்சக் கார்பனைப் பிளாஸ்டிக் மணிகளாகச் சேர்த்துவைக்கிறது.

பாக்டீரியாவை இட்டு, 30 டிகிரியில் இரண்டு நாள் குலுக்கியில் வைத்தபின், ஒரு துளியைச் ‘சூடான் கருப்பு’ என்னும் சாயமிட்டு நுண்ணோக்கியில் பாருங்கள். மணிகள் கருநீலமாகத் தெரிந்தால் அறுவடை செய்யலாம். மையவிலக்கியில் செல்களைப் பிரித்து, சோடியம் ஹைப்போகுளோரைட்டும் குளோரோஃபார்மும் சேர்த்து 37 டிகிரியில் ஒரு மணிநேரம் வைத்து, மீண்டும் சுழற்றினால், பிளாஸ்டிக் கரைந்த குளோரோஃபார்ம் அடியில் தங்கும். அதைக் கண்ணாடித் தட்டில் ஊற்றி உலரவிட்டால் மெல்லிய படலம் கிடைக்கும். குளோரோஃபார்ம் ஆவி நச்சு என்பதால், இப்பகுதியை வீட்டில் முயலாமல், கல்லூரி ஆய்வகத்தின் புகைபோக்கிப் பெட்டிக்குள் மட்டுமே செய்ய வேண்டும்.

படலம் எளிதில் நொறுங்கும், பைக்கு ஆகாது.