ஷக்சூகா: ஒரே வாணலியில் ஒரு துனீசிய இரவு உணவு

வெளிநாட்டுச் சமையல் என்றால் கடை கடையாய் ஏறி இறங்கிப் பொருள் தேட வேண்டியிருக்கும் என்ற தயக்கம் பலருக்கும் உண்டு. ஷக்சூகாவுக்கு அந்த அலைச்சல் தேவையில்லை. வெங்காயம், தக்காளி, குடைமிளகாய், பூண்டு, சீரகம், முட்டை ஆகியவை வீட்டில் இருந்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் நான்கு பேருக்கான இரவு உணவு தயாராகிவிடும். மசாலா சேர்த்து வற்றவைத்த தக்காளிக் கலவையில் சிறு குழிகள் செய்து, அவற்றில் முட்டைகளை விட்டு, மூடி வைத்து வேகவைப்பதுதான் மொத்தச் செய்முறையும்.

துனீசியா, லிபியா, அல்ஜீரியா ஆகிய வட ஆப்பிரிக்க நாடுகளின் வீட்டுச் சமையல் இது. அப்பகுதியின் அரபு வழக்கில் இப்பெயருக்குக் கலவை என்பதே பொருள். அந்நாடுகளிலிருந்து 1950-களில் இஸ்ரேலில் குடியேறிய யூதர்கள் இதைத் தங்களோடு கொண்டு சென்றதால் அங்கே அது காலை உணவாக வேரூன்றியது. ஒரே செய்முறைதான் சரி என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது: அல்ஜீரியாவில் முட்டையே இல்லாமல் காய்கறிக் கூட்டைப் போலச் செய்வதும் உண்டு, துருக்கியில் இதன் உறவான மெனெமென் என்ற உணவில் முட்டையைக் கலக்கிக் கிளறிவிடுவார்கள், அதில் வெங்காயம் சேரலாமா கூடாதா என்ற வாதம் அங்கே இன்னும் தீர்ந்தபாடில்லை.

பொருட்களும் பாத்திரமும்

நான்கு பேருக்கு நன்கு பழுத்த தக்காளி 800 கிராம் வேண்டும். தோல் தடித்த பெங்களூர் தக்காளியில் சதை அதிகம், புளிப்பு குறைவு. நாட்டுத் தக்காளியில் சாறும் புளிப்பும் மிகுதி. முதலாவதில் 600 கிராமும் இரண்டாவதில் 200 கிராமும் எடுத்துக்கொள்வது என் வழக்கம். நாட்டுத் தக்காளி மட்டுமே கிடைத்தால், கலவை வற்றுவதற்குக் கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகும் என்பதையும், கடைசியில் கால் தேக்கரண்டி சர்க்கரை தேவைப்படலாம் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இவற்றோடு பெரிய வெங்காயம் இரண்டு, சிவப்புக் குடைமிளகாய் ஒன்று, பூண்டு ஐந்து பல், முட்டை ஆறு, ஒரு கைப்பிடி கொத்தமல்லித் தழை, உப்பு ஒன்றேகால் தேக்கரண்டி ஆகியவற்றை எடுத்து வைக்கவும். பச்சைக் குடைமிளகாயும் ஆகும், ஆனால் அதில் இலேசான கசப்பு இருக்கும். மசாலாவுக்கு வறுத்துப் பொடித்த சீரகம் ஒன்றரைத் தேக்கரண்டி, மல்லித்தூள் ஒரு தேக்கரண்டி, காஷ்மீர் மிளகாய்த்தூள் இரண்டு தேக்கரண்டி. காரம் குறைந்து நிறம் கூடியிருப்பதால் காஷ்மீர் மிளகாய்த்தூள் இதற்குப் பொருந்துகிறது. வீட்டில் அரைத்து வைத்திருக்கும் குழம்புப் பொடியைத் தயவுசெய்து இதில் சேர்க்க வேண்டாம். எண்ணெய் நான்கு மேசைக்கரண்டி: ஆலிவ் எண்ணெய் சிறப்பு, இல்லாவிட்டால் சூரியகாந்தி எண்ணெய் போதும். நல்லெண்ணெயின் வாசம் மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும்.

எண்ணெயைப் பற்றி இவ்வளவு கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதன்முதலில் இதைச் செய்தபோது, கைப்பழக்கத்தில் நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகையும் கறிவேப்பிலையையும் போட்டுத் தாளித்துவிட்டேன். சாப்பிட்ட அனைவரும் முட்டைத் தொக்கு அருமை என்று பாராட்டினார்கள். தொக்கு அருமையாகத்தான் இருந்தது, ஆனால் நான் செய்ய நினைத்தது அதுவல்ல. தாளிதம் இல்லாமல், சீரகத்தின் வாசமும் குடைமிளகாயின் இனிப்பும் முன்னே நிற்பதுதான் ஷக்சூகாவின் சுவை.

பாத்திரத்தைப் பொறுத்தவரை, 26 செ.மீ. அளவுக்கு அகலமான, அடி கனத்த, மூடியுள்ள வாணலி வேண்டும். குறுகலான சட்டியில் முட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். எவர்சில்வர் அல்லது நான்ஸ்டிக் பாத்திரம் நல்லது. சரியாகப் பழக்கப்படாத இரும்பு வாணலியில் தக்காளியின் புளிப்பு இரும்பைக் கரைத்து உணவில் உலோகச் சுவையை ஏற்றிவிடும்.

செய்முறை

முதலில் தக்காளியைத் தயார் செய்து கொள்ள வேண்டும். வெந்நீரில் போட்டுத் தோலுரிப்பது ஒரு முறை. அதைவிட எளிய வழி, தக்காளியைக் குறுக்கே இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கத்தைத் துருவலில் வைத்துத் தேய்ப்பது: சதை முழுவதும் கீழே கிண்ணத்தில் விழ, தோல் மட்டும் உள்ளங்கையில் ஒரு சிறு தொப்பியைப் போலத் தங்கிவிடும். மிக்சியில் அரைத்தால் தோலும் விதையும் பொடிந்து, காற்றும் கலந்து, கலவை வெளிறிய இளஞ்சிவப்பு நிறத்தில் நுரைத்துக்கொண்டு நிற்கும். ஆகவே மிக்சியை இதில் தவிர்ப்பது நல்லது.

அடுத்து, வாணலியில் எண்ணெயைக் காயவைத்து, மெல்லியதாக நீளவாக்கில் நறுக்கிய வெங்காயத்தையும் குடைமிளகாயையும் அரைத் தேக்கரண்டி உப்போடு சேர்த்து, மிதமான தீயில் பன்னிரண்டு நிமிடம் வரை வதக்கவும். வெங்காயம் பொன்னிறமாக வேண்டியதில்லை. கண்ணாடிபோல் ஆகி, கரண்டியால் அழுத்தினால் குழையும் அளவுக்கு மென்மையானால் சரி. அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் ஓரங்கள் கருகி, நடுப்பகுதி நறுக்கென்றே இருக்கும். குடும்பத்தில் சிறு பிள்ளைகள் இருந்தால் குடைமிளகாயைப் பொடியாக நறுக்கிவிடுவது நல்லது, இல்லையென்றால் தட்டின் ஓரத்தில் சிவப்பு வரிசை ஒன்று சேர்ந்துவிடும்.

பின்னர் பொடியாக நறுக்கிய பூண்டைச் சேர்த்து ஒரு நிமிடம் கிளறவும். தீயை நன்றாகக் குறைத்துவிட்டு, சீரகத்தூள், மல்லித்தூள், மிளகாய்த்தூள் மூன்றையும் போட்டு அரை நிமிடம் மட்டும் புரட்டவும். மிளகாய்த்தூளின் நிறமும் மணமும் எண்ணெயில் இறங்க அந்த நேரம் போதும். அதைத் தாண்டினால் கருகிக் கசந்துவிடும். தக்காளியைக் கையருகே வைத்துக்கொண்டே இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.

இனி தக்காளி விழுதையும் மீதி உப்பையும் சேர்த்து, மூடாமல், மிதமான தீயில் பதினைந்திலிருந்து இருபது நிமிடம் வரை வற்றவிடவும். ஷக்சூகா நன்றாக வருவதும் கெடுவதும் இந்த இடத்தில்தான். கலவை நீர்த்திருக்கும்போது முட்டையை விட்டால், வெள்ளைக்கரு குழியில் தங்காமல் நூல் நூலாகப் பிரிந்து மேலே மிதக்கும். அளவுக்கு மீறி வற்றியிருந்தால், முட்டை வேகும் முன்பே அடி பிடிக்கும். பதம் பார்க்க எளிய வழி உண்டு: கரண்டியால் வாணலியின் நடுவே ஒரு கோடு இழுத்தால், அடிப்பாகம் தெரிந்து, இரண்டு மூன்று நொடிகள் அப்படியே நின்று, பிறகு மெதுவாக மூடிக்கொள்ள வேண்டும். கோடு உடனே மூடினால் இன்னும் வற்ற வேண்டும். மூடவே இல்லையென்றால் கால் டம்ளர் வெந்நீர் சேர்க்க வேண்டும். தொக்குக்குச் செய்வதுபோல எண்ணெய் பிரிந்து மிதக்கும் வரை காத்திருக்கக் கூடாது. இந்தக் கட்டத்தில் சுவைத்துப் பார்த்து, உப்பையும் புளிப்பையும் சரிசெய்து கொள்ளவும். முட்டை விட்ட பிறகு கிளற முடியாது.

தீயைக் குறைத்துவிட்டு, கரண்டியின் முதுகால் ஆறு குழிகளை அழுத்தி உருவாக்கவும். முட்டைகளை நேரடியாக வாணலியில் உடைக்காமல், ஒவ்வொன்றாக ஒரு சிறு கிண்ணத்தில் உடைத்துப் பார்த்த பிறகே குழியில் சரிக்கவும். கெட்டுப்போன ஒரே ஒரு முட்டை ஒரு மணி நேர உழைப்பையும் வீணாக்கிவிடக்கூடும். ஆறும் உள்ளே போனதும், மஞ்சள் கருவைத் தொடாமல், சுற்றியுள்ள வெள்ளைக்கருவை மட்டும் ஒரு கரண்டி நுனியால் சூடான தக்காளிக்குள் இலேசாக இழுத்துவிடவும். இதற்கு ஒரு காரணம் உண்டு: மஞ்சள் கரு 65 முதல் 70 டிகிரி செல்சியஸுக்குள் இறுகிவிடுகிறது, வெள்ளைக்கருவோ ஏறத்தாழ 62 டிகிரியிலேயே இறுகத் தொடங்கினாலும், முழுமையாகக் கெட்டிப்பட 80 டிகிரி வரை தேவைப்படுகிறது. வெள்ளைக்கருவுக்குச் சூடு முந்திக் கிடைக்காவிட்டால், அது வேகும்போது மஞ்சள் கரு கல்லாகியிருக்கும்.

இப்போது மூடி, குறைந்த தீயில் ஐந்து நிமிடம் வைத்துத் திறந்து பார்க்கவும். வெள்ளைக்கரு எங்கும் கண்ணாடிபோல் இல்லாமல் வெளுத்திருக்க, வாணலியை மெல்ல அசைத்தால் மஞ்சள் கரு மட்டும் நடுங்க வேண்டும். இன்னும் பச்சையாகத் தெரிந்தால் ஒவ்வொரு நிமிடமாகக் கூட்டிப் பார்க்கவும். நினைத்த பதத்துக்குச் சற்று முன்னதாகவே இறக்கிவிடுவது நல்லது, ஏனெனில் அடி கனத்த பாத்திரத்தின் சூட்டில் முட்டை தொடர்ந்து வெந்துகொண்டிருக்கும். சிறு குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர் ஆகியோருக்கு மட்டும் அரைவேக்காட்டு முட்டை கூடாது. அவர்களுடைய பங்கை மஞ்சள் கருவும் முழுமையாக இறுகும் வரை, மேலும் நான்கைந்து நிமிடம் வேகவைத்துக் கொடுக்க வேண்டும்.

மாற்றங்கள் சில

முட்டை சாப்பிடாதவர்கள் இருக்கும் வீட்டில், வேகவைத்த வெள்ளைக் கொண்டைக்கடலை இரண்டு கோப்பையைத் தக்காளியோடு சேர்த்து வற்றவைக்கலாம். பனீரைவிட இது பொருத்தம் என்பது என் கருத்து, கொண்டைக்கடலை வட ஆப்பிரிக்கச் சமையலுக்கு அந்நியமான பொருளும் அல்ல.

துனீசியச் சுவையை இன்னும் நெருங்க விரும்பினால் ஹரிசா சேர்க்க வேண்டும். துனீசியாவின் இந்த மிளகாய் விழுதை யுனெஸ்கோ 2022-இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆறு காஷ்மீர் மிளகாயை விதை நீக்கி, வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, மூன்று பல் பூண்டு, அரைத் தேக்கரண்டி மல்லி, கால் தேக்கரண்டி சீரகம், உப்பு, இரண்டு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றோடு கெட்டியாக அரைத்தால் அதன் எளிய வடிவம் கிடைக்கும். அசலில் சேர்வது காரவே என்ற விதை. பார்க்கச் சீரகம் போலிருந்தாலும் மணம் வேறு. மிளகாய்த்தூளுக்குப் பதிலாக இந்த விழுதில் ஒரு மேசைக்கரண்டி போதும்.

பரிமாறும்போது வாணலியையே மேசைக்குக் கொண்டுவந்து, மேலே கொத்தமல்லித் தழையைத் தூவி, சூடாக இருக்கும்போதே சாப்பிட வேண்டும். துனீசியாவில் ரொட்டியைப் பிய்த்துத் தொட்டுச் சாப்பிடுவார்கள். நம் வீட்டில் இலேசாக வாட்டிய பாவ் பன்னோ சப்பாத்தியோ ஆகும். சோற்றில் பிசைந்தால் மஞ்சள் கரு வழிந்து கலவையோடு சேரும் சுவை காணாமல் போய்விடுகிறது.

தக்காளிக் கலவையை இரண்டு மடங்காகச் செய்து, பாதியை மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் வரை இருக்கும். வேலை முடிந்து களைத்து வரும் மாலையில் அதைச் சூடாக்கி முட்டையை விட்டால், பத்து நிமிடத்தில் சாப்பாடு ஆகிவிடும். முட்டை விட்டு மிஞ்சியதை மட்டும் எடுத்து வைத்து மறுநாள் சூடாக்க வேண்டாம்; மஞ்சள் கரு ரப்பர் போலாகிவிடும்.