'தடிமன் போதும்' என்று எழுதுவதற்கு முன்

போன வாரம், புதிதாகச் சேர்ந்த, பவர் பார்க்கும் ஆப்டோமெட்ரிஸ்ட் ஒருவர் லாசிக் (கண்ணின் முன்பக்கக் கண்ணாடி போன்ற படலமான கருவிழியை லேசரால் செதுக்கிப் பவரைச் சரிசெய்வது) கேட்டு வந்தவரின் ஃபைலில் "தடிமன் 530, ஃபிட்" என்று எழுதி என் மேசையில் வைத்தார். நான் தொழிலுக்கு வந்த புதிதில் எழுதிய அதே வரி. வயது 18 ஆகியிருக்க வேண்டும், பவர் ஒரு வருடமாவது மாறாமல் இருக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

தடிமனை மட்டும் பார்ப்பது

அன்று நான் அந்த வரியை எழுதிய பையனுக்கு 22 வயது. பவர் மைனஸ் 4.5, கருவிழித் தடிமன் 530 மைக்ரான். கருவிழியின் மேல் மூடிபோல் வெட்டித் திறக்கும் ஃபிளாப்புக்கு 110, லேசர் எடுக்கும் திசு டயாப்டருக்கு (பவரின் அலகு) சுமார் 15 வீதம் 68. மிச்சம் 352. 300 மிஞ்சினாலே போதும் என்று பழகியிருந்த எனக்கு அதற்கு மேல் பார்க்கத் தோன்றவில்லை. கருவிழியின் வளைவைக் காட்டும் டோபோகிராபி படத்தின் கீழ்ப்பாதியில் லேசாகச் சிவப்பு ஏறியிருந்தது, அதாவது அங்கே வளைவு அதிகம். கண்ணைச் சரியாகத் திறக்கவில்லை போல என்று விட்டுவிட்டேன். வெளியே உட்கார்ந்து விரல் மூட்டால் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தான். அதையும் பார்த்தேன், ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டு வருடத்தில் திரும்பி வந்தான். கருவிழி முன்னால் பிதுங்கியிருந்தது. எக்டேசியா. ரிபோஃபிளேவின் சொட்டும் புற ஊதா ஒளியுமாக கருவிழியை இறுக்கும் கிராஸ்லிங்கிங் செய்து மேலும் பிதுங்காமல் நிறுத்தினார்கள். ஆனால் இழந்த பார்வை திரும்பவில்லை. கடின லென்ஸ் போட்டால்தான் எழுத்து தெரிகிறது. "கண்ணாடியோடவே இருந்திருப்பேனே சார்" என்றான். இன்னும் ஆறவில்லை எனக்கு.

ஆரம்பநிலை கெரட்டோகோனஸ் (கருவிழி மெலிந்து கூம்பாகப் பிதுங்கும் நோய்) தடிமனில் பிடிபடாமல் போகலாம். கருவிழியின் பின்பக்க உப்பலையும் பாருங்கள். கண் கசக்குவாரா, அலர்ஜி உண்டா, வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஃபிளாப் இல்லாத லேசர் முறைகளான ஸ்மைல், பி.ஆர்.கே. என்றால் தப்பித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், அவற்றிலும் எக்டேசியா வந்திருக்கிறது. சந்தேகமா? லேசர் வேண்டாம்.

நேற்றுக் கழற்றிய கான்டாக்ட் லென்ஸ்

லென்ஸ் கருவிழியை அழுத்தி வடிவத்தை மாற்றியிருக்கும். சாஃப்ட் என்றால் ஒன்று இரண்டு வாரம், கடின லென்ஸ் என்றால் மூன்று நான்கு வாரமாவது கழித்துப் படம் எடுங்கள்.

சொட்டு விடாமல் பவர் எழுதுவது

கண்ணின் குவிப்பைத் தளர்த்தும் சொட்டு விடாவிட்டால் இளம் கண் தானாகவே குவியும், மைனஸ் கூடுதலாகக் காட்டும். அதை நம்பி லேசர் செய்தால் கண் ப்ளஸ் பக்கம் போய்விடும்.

பழைய ரிப்போர்ட்

லேசருக்கு முன் எடுத்த அளவுகளை நோயாளியின் கையில் கொடுத்தனுப்புங்கள். பின்னாளில் கண்புரைக்கு லென்ஸ் பவர் கணக்குப் போடுபவர் அதைத்தான் தேடுவார்.