போதைக்கு அடிமையான மகன்: மட்டக்களப்பில் குறும்படம் எடுப்பவர்களுக்கு

முதலில் ஊசியைக் கதையிலிருந்து எடுத்துவிடுங்கள். இலங்கையில் ஹெரோயின் பாவிப்பவர்களில் பெரும்பாலானோர் அதைப் புகையாகத்தான் இழுக்கிறார்கள். ஊசியைக் கண்டால் இதே துன்பத்தில் இருக்கும் தாய்கூட, இது எங்கட கதையில்லை என்று எழும்பிவிடுவார். இழுக்கும் விதத்தையும் காட்ட வேண்டாம், பார்க்கும் பொடியனுக்கு அது பாடமாகிவிடும். குளியலறையில் தாய் கண்டெடுக்கும் கருகிய சிகரெட் பெட்டித் தாள் ஒன்று போதும்.

எந்தப் போதை என்பதை எழுதும்போதே முடிவு செய்யுங்கள். ஹெரோயின் என்றால் கண்மணி சுருங்கும், கதைத்துக்கொண்டிருக்கும்போதே தலை தொங்கும். ஐஸ் (மெத்தம்பெட்டமின்) என்றால் நேர்மாறு: நாட்கணக்கில் தூக்கமில்லை, பல்லை நெருமுவான், வாசலில் யாரோ நிற்பதாகச் சந்தேகப்படுவான். இரண்டையும் ஒரே நடிகரில் கலக்காதீர்கள்.

ஹெரோயினை நிறுத்திய மகனை நடிக்க வைப்பதில்தான் அதிகம் பிழை விடுகிறார்கள். எடுத்த எடுப்பில் சுவரில் முட்டிக் கத்துவதில்லை. கடைசியாகப் பாவித்து 6 முதல் 12 மணித்தியாலத்தில் கொட்டாவி, மூக்கொழுகல், கண்ணீர் தொடங்கும். பார்வைக்குத் தடிமன்தான். விஷயம் தெரியாத தாய் கொத்தமல்லி அவித்துக் கொடுக்கட்டும், அந்தக் காட்சி எந்த அழுகையையும்விட வலிக்கும். பிறகு மயிர்க்கூச்சு, காலை ஓரிடத்தில் வைக்க முடியாத அந்தரம். 2ஆம், 3ஆம் நாள் உச்சம்: வாந்தி, வயிற்றோட்டம், உடம்பெல்லாம் நோவு. ஒரு கிழமையில் உடம்பு தணியும், ஆசை தணியாது. வியர்வைக்குக் கிளிசரினும் தண்ணீரும் சம அளவு கலந்து தெளியுங்கள். வெறும் தண்ணீர் லைட் சூட்டில் காய்ந்துவிடும்.

தகப்பனுக்கு அடிப்பதைத் தவிரவும் வேலை கொடுங்கள். "கலியாணம் முடிச்சு வைச்சாத் திருந்துவான்", "கட்டாருக்கு அனுப்புவம்" என்று வீடுகளில் கதைக்கும் கதை வரட்டும். வசனம் நம் பேச்சிலேயே இருக்கட்டும். "என்ன மனே, சோறு தின்னல்லியா?" என்பதைச் சினிமாத் தமிழுக்கு மாற்றினால் தாய் காணாமல் போவாள்.

கைபேசிக் கமெரா போதும். செக்கனுக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 செக்கன் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் 1/60இல் டியூப்லைட் துடிக்கும். வசனம் பதியும்போது ஃபேன், ஃபிரிட்ஜை நிறுத்துங்கள், அவற்றின் இரைச்சலும் சேர்ந்து பதியும். மார்கழி மழையில் தகரக் கூரை வீட்டில் வசனம் பதியாது.

முடிவில் மகனை ஒரே பாட்டில் திருத்திவிடாதீர்கள். நிறுத்தியபின் உடம்பின் தாங்குசக்தி குறைந்துவிடும். பழைய அளவையே மறுபடி எடுப்பவர் மூச்சடங்கிச் சாவது அதனால்தான். கதை வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போய், அடுத்த கிளினிக் திகதியோடு நிற்கட்டும். பெயர்கள் ஓடுமுன் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927, உளநல உதவிக்கான 1926 ஆகிய இரண்டு இலக்கங்களையும் 8 செக்கனாவது திரையில் விடுங்கள். பார்ப்பவர் கைபேசியை எடுத்துக் குறித்துக்கொள்ள அவ்வளவு நேரம் வேண்டும்.