ஆபீஸ் நிர்வாகத்தைக் குழந்தையிடம் காட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் மாரத்தஹள்ளி, பெல்லந்தூர், ஒயிட்ஃபீல்டு பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் அப்பா அம்மா இருவருமே ஐ.டி. வேலையில் இருக்கிறார்கள். இருவரில் ஒருவராவது டீம் லீடாகவோ மேனேஜராகவோ இருப்பார். ஆட்களை நடத்துவது எப்படி என்று கம்பெனி கொடுத்த பயிற்சியில் நல்ல பாடங்கள் நிறைய உண்டு. அவற்றை வீட்டிலும் கடைப்பிடிக்க நினைப்பதில் குற்றமில்லை. ஆனால் டார்கெட், ரேட்டிங், ரிவ்யூ போன்ற கண்காணிக்கும் கருவிகள்தான் வீட்டுக்கு முதலில் வந்து சேருகின்றன. காது கொடுத்துக் கேட்பதும், வேலையை நம்பி ஒப்படைப்பதும், தப்பு நடந்தால் பயமில்லாமல் சொல்ல விடுவதும் ஆபீஸிலேயே தங்கிவிடுகின்றன. இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுவரை பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இதனால் வரும் தவறுகள் சிலவற்றைச் சொல்கிறேன்.

ஃபிரிட்ஜில் ஒட்டிய ஸ்டார் அட்டவணையிலிருந்து தொடங்கலாம். பல் தேய்த்தால் ஒரு ஸ்டார், சாப்பிட்டு முடித்தால் ஒரு ஸ்டார், பத்து சேர்ந்தால் பொம்மை. ஆபீஸ் ஊக்கத்தொகையின் அதே கணக்கு. 1973-ல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்டு நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்து நர்சரிப் பள்ளியில், தாமாகவே ஆசைப்பட்டுப் படம் வரையும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பிரிவிடம் "வரைந்தால் பரிசு" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்கு வரைந்து முடித்த பிறகு எதிர்பாராமல் பரிசு கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு எதுவும் இல்லை. சில நாள் கழித்துப் பார்த்தால், பரிசுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரம்தான் ஸ்கெட்ச் பேனாவைத் தொட்டார்கள்.

அதற்காக ஸ்டிக்கரே கூடாது என்று சொல்ல வரவில்லை. கழிவறைப் பழக்கம் மாதிரி பிள்ளைக்கு ஆசையே இல்லாத ஒன்றைத் தொடங்கிவைக்கக் கொஞ்ச நாள் உதவலாம். பிள்ளை தானாக ஆசைப்பட்டுச் செய்வதற்கு, அதாவது வரைவதற்கும், கதைப் புத்தகம் புரட்டுவதற்கும், தம்பிக்கு பிஸ்கெட் பங்கு போடுவதற்கும் கூலி கொடுக்காதீர்கள்.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது விசாரணை. ஆபீஸில் கம்ப்யூட்டர் சர்வர் நின்றுபோனால் "ஏன்" என்று அடுத்தடுத்துக் கேட்டு மூல காரணத்தைத் தேடுவார்கள். அதே பழக்கத்தில், தங்கையை அடித்துவிட்ட நாலு வயதுப் பையனை நிறுத்திவைத்து, "ஏன்டா அடிச்ச? சொல்லு, ஏன்?" என்று கேட்கிறோம். அவன் தரையைப் பார்ப்பான், இல்லையென்றால் "சும்மா" என்பான். அவன் எதையும் மறைக்கவில்லை, அவனுக்கே தெரியாது. உந்துதலை அடக்கும் மூளையின் முன்பகுதி முழுமையாக முதிர இருபது வயது தாண்டவேண்டும்.

ஐந்து முறை "ஏன்" கேட்கும் இந்த முறை டொயோட்டா கார் கம்பெனியில் வளர்ந்தது. அங்கே பொறியாளராக இருந்த தாயிச்சி ஓனோ சொன்ன உதாரணம் ஓர் இயந்திரத்தைப் பற்றியது. இயந்திரம் ஏன் நின்றது? சுமை கூடி ஃபியூஸ் போனது. ஏன் சுமை கூடியது? பேரிங்குக்கு எண்ணெய் போதவில்லை. ஏன்? எண்ணெய் பம்ப் சரியாக இழுக்கவில்லை. ஏன்? அதன் தண்டு தேய்ந்திருந்தது. ஏன்? வடிகட்டி இல்லாததால் உலோகத் துகள் உள்ளே போனது. இதில் எங்கேயும் ஓர் ஆளைக் கூண்டில் ஏற்றவில்லை பாருங்கள்.

அந்தக் கேள்விகளை நமக்குள் கேட்டுக்கொண்டால் வீட்டிலும் பலன் உண்டு. பையன் ஏன் அடித்தான்? தங்கை அவன் காரை எடுத்தாள். காலையில் எடுத்தபோது கொடுத்தவன் ராத்திரி ஏழு மணிக்கு ஏன் அடித்தான்? அசந்துபோயிருந்தான், பசி வேறு. ஏன்? நாலு மணி டிபனுக்குப் பிறகு எதுவும் சாப்பிடவில்லை. ஏன்? சில்க் போர்டு நெரிசலைத் தாண்டி நாம் வந்த பிறகுதான் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு. தூக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். 3, 4 வயதுப் பிள்ளைகளுக்குப் பகல் தூக்கம் உட்பட ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. பத்தரைக்குப் படுத்து, ஸ்கூல் வேனுக்காக ஆறரைக்கு எழும் பிள்ளைக்கு எட்டு மணி நேரம்தான் கிடைக்கிறது. ராத்திரிச் சாப்பாட்டைச் சாயங்காலம் ஆறரைக்கு மாற்றினால், "சாரி சொல்லு" என்று கட்டாயப்படுத்துவதைவிட அது அதிகம் உதவும். அடித்த நேரத்தில் கையைப் பிடித்து, "அடிக்கக் கூடாது கண்ணா, அவளுக்கு வலிக்கும்" என்று சொன்னால் போதும்.

எல்லாரையும் கலந்துபேசும் மேனேஜர் என்று பெயரெடுத்தவர்கள் இன்னொரு இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். "தூங்கப் போலாமா?" என்று கேட்பார்கள். பிள்ளை "வேணாம்" என்றதும் பேச்சுவார்த்தை ஆரம்பமாகும். முடிவான விஷயத்தைக் கேள்வியாகக் கேட்காதீர்கள். "தூங்கற நேரம் வந்தாச்சு. நீல சட்டையா, மஞ்ச சட்டையா?" என்று கேட்டால் அது அவன் வயசுக்குத் தகுந்த அதிகாரம்.

வேலையைக் கொடுத்துவிட்டுப் பறிப்பதும் அப்படித்தான். டிசம்பர், ஜனவரியில் பெங்களூர் சந்தையெல்லாம் அவரைக்காய் மணக்கும். ஊறவைத்த கொட்டையைப் பிதுக்கித் தோல் நீக்குவது நாலு வயதுக் கைக்கு அருமையான வேலை. பாதி தரையில் உருளும், சிலது நசுங்கும், நேரமும் ஆகும். "விடு, நான் பண்ணிக்கிறேன்" என்று கிண்ணத்தை வாங்கிவிட்டால் அடுத்த முறை உங்கள் மகள் கேட்டு வரமாட்டாள். அவசரமான நாளில் கொடுக்காதீர்கள், கொடுத்த நாளில் வாங்காதீர்கள்.

பக்கத்து ஃபிளாட் பிள்ளையோடு ஒப்பிடுவதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆபீஸில் வருஷா வருஷம் வேலையை மதிப்பிட்டுக் கொடுக்கும் அப்ரைசல் ரேட்டிங் உங்களுக்கு என்ன செய்தது என்று நினைத்துப் பார்த்தாலே போதும்.

பாட்டி விஷயத்தைக் கொஞ்சம் பேசவேண்டும். ஒரு பணியாளுக்கு ஒரே மேலதிகாரிதான் இருக்கவேண்டும் என்று பிரெஞ்சு நிர்வாக அறிஞர் ஆன்ரி ஃபயோல் 1916-ல் எழுதினார். அதை வீட்டில் அமல்படுத்தப் போய், வேலூரிலிருந்தோ கும்பகோணத்திலிருந்தோ பேரனைப் பார்த்துக்கொள்ள வந்த தங்கள் அம்மாவிடம் விதிமுறைப் பட்டியலை நீட்டுகிறார்கள். அவர் மனசு புண்படுகிறது. பிள்ளைக்கும் நன்மை இல்லை. பாட்டி மடியில் ஒரு நியாயம், அம்மாவிடம் வேறு நியாயம் என்பதைக் குழந்தைகள் சீக்கிரம் புரிந்துகொள்வார்கள். பால்கனி, அடுப்பு, மருந்து, போன் என்று விட்டுக்கொடுக்க முடியாதவற்றில் மட்டும் பெரியவர்கள் எல்லாரும் ஒரே பேச்சாக இருங்கள். அதையும் பட்டியலாக நீட்டாமல், "அம்மா, இதுல எனக்குத் துணையா இருங்க" என்று கேளுங்கள். மற்றதைப் பாட்டியிடம் விட்டுவிடுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவரத் தகுந்த பழக்கம் ஒன்றைச் சொல்கிறேன். இன்டெல்லை நடத்திய ஆண்டி குரோவ், மேனேஜரும் பணியாளரும் தனியே சந்திக்கும் ஒன்-ஆன்-ஒன்னைப் பணியாளருடைய கூட்டமாகவே கருதவேண்டும், எதைப் பேசுவது என்பதை அவர்தான் முடிவு செய்யவேண்டும் என்று 1983-ல் எழுதினார். ராத்திரி எட்டரை மணிக்கு அமெரிக்கா ஆபீஸோடு பேசும் போன் காலுக்கு முன்னால் கிடைக்கும் கால் மணி நேரத்தை அப்படிக் கொடுத்துப் பாருங்கள். போன் வேறு அறையில் இருக்கட்டும். என்ன விளையாட்டு என்பது பிள்ளையின் முடிவு. கலர் பெயர் கேட்பது, எண்ணச் சொல்வது, "இன்னிக்கு ஸ்கூல்ல என்ன கத்துக்கிட்ட?" எல்லாம் வேண்டாம். காரை வரிசையாக நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள், மறுபடி கலைத்து நிறுத்தச் சொன்னாலும் நிறுத்துங்கள். நேரம் முடிந்ததும், போன் கால் முடிந்து எப்போது வருவீர்கள் என்று சொல்லிவிட்டு எழுந்திருங்கள். சொன்ன நேரத்துக்கு வாருங்கள்.