மதிப்பெண் பட்டியலுக்கு எக்செல்: வராத மாணவர் ‘தேர்ச்சி’ ஆகாமல் இருக்க

நாற்பது பேர், ஐந்து பாடம், பத்தாம் வகுப்பு காலாண்டுத் தேர்வு என்று வைத்துக்கொள்வோம். கூட்டுத்தொகை போடுவதற்கு எக்செல் தேவையே இல்லை, கால்குலேட்டர் போதும். தேர்ச்சி, தரவரிசை, எந்தக் கேள்வியில் வகுப்பு விழுந்தது என்பதற்குத்தான் அது வேண்டும். கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆஃபிஸ் கால்க் எதுவானாலும் இந்தச் சூத்திரங்கள் இருக்கின்றன. படிக்க வசதியாக அவற்றைத் தமிழில் எழுதியிருக்கிறோம். செல்லில் சூத்திரப் பெயரையும் செல் பெயரையும் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள் (சம் = SUM, இஃப் = IF, கவுண்ட் = COUNT, கவுண்ட்இஃப் = COUNTIF, கவுண்ட்இஃப்ஸ் = COUNTIFS, ஆவரேஜ் = AVERAGE, ஆர் = OR, ஆண்ட் = AND, இஸ்நம்பர் = ISNUMBER, ஏபி = AB). ‘தேர்ச்சி’, ‘தோல்வி’ மட்டும் தமிழிலேயே இருக்கட்டும்.

முதல் வரிசையில் தலைப்பு. இரண்டாவதில் ஒவ்வொரு பாடத்தின் அதிகபட்ச மதிப்பெண். மூன்றாவதில் ஏ முதல் ஜே வரை: எண், பெயர், தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல், மொத்தம், முடிவு, தரவரிசை. மாணவர்கள் 4 முதல் 43 வரை. 44ஆம் வரிசையைக் காலியாக விட்டு, வகுப்புச் சராசரியை 45இல் போடுங்கள். ஒட்டினாற்போல் 44இல் போட்டால், வரிசைப்படுத்தும்போது சராசரியும் ஒரு மாணவனாகி நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். அழகுக்காகச் செல்களை ‘மெர்ஜ்’ செய்யாதீர்கள். வரிசைப்படுத்தல் அங்கேதான் அடம்பிடிக்கும். சி4 செல்லில் நின்று ‘ஃப்ரீஸ் பேன்ஸ்’ கொடுத்தால், எவ்வளவு நகர்த்தினாலும் பெயரும் தலைப்பும் கண்ணில் இருக்கும்.

பெயரில் இனிஷியலை முன்னால் போட்டால் அகரவரிசை இனிஷியல்படிதான் வரும். பெயரை முதலில் எழுதி, இனிஷியலைப் பின்னால் போடுங்கள். தட்டச்சு யூனிகோடில் இருக்கட்டும். வானவில், பாமினி எழுத்துருவில் அடித்த ‘தேர்ச்சி’யும் யூனிகோடு ‘தேர்ச்சி’யும் கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு.

இனி வராதவர்கள். பிழைகள் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றன. வராதவருக்கு 0 போட்டால் வகுப்புச் சராசரி இறங்கும். காலியாக விட்டால், மதிப்பெண் ஏற்ற மறந்ததா, ஆள் வரவில்லையா என்று பிறகு தெரியாது. ‘ஏபி’ என்று போடுவதே சரி. சம், ஆவரேஜ் இரண்டும் எழுத்தைத் தள்ளிவிட்டுக் கணக்கிடும். சி4+டி4 என்று கூட்டல் குறியால் கூட்டினால் மட்டும் பிழைச் செய்தி வரும். ஆகவே எச்4இல்:

=சம்(சி4:ஜி4)

முடிவுக்குப் பலரும் எழுதுவது =இஃப்(சி4>=35, "தேர்ச்சி", "தோல்வி") என்ற பாணி. எக்செல் எந்த எழுத்தையும் எந்த எண்ணைவிடவும் பெரிதாகவே எடுத்துக்கொள்ளும். அதனால் தேர்வுக்கே வராத ‘ஏபி’ இதில் தேர்ச்சி பெற்றுவிடும்! எண்ணோடு ஒப்பிடச் சொன்னால் கவுண்ட்இஃப் எண்களை மட்டும் பார்க்கும்:

=இஃப்(கவுண்ட்இஃப்(சி4:ஜி4, ">=35")=5, "தேர்ச்சி", "தோல்வி")

அறிவியலில் இதுவும் போதாது. எழுத்துத் தேர்வில் 75க்கு 20, செய்முறையில் 25க்கு 15 தனித்தனியே வேண்டும். எழுத்தில் 18, செய்முறையில் 24 வாங்கியவர் மொத்தம் 42 காட்டுவார், ஆனால் தேர்ச்சி இல்லை. எழுத்தை கே, செய்முறையை எல் நெடுவரிசையில் ஏற்றி, எஃப்4இல் =இஃப்(கவுண்ட்(கே4:எல்4)=0, "ஏபி", சம்(கே4:எல்4)) என்று கூட்டுங்கள். வெறும் சம் போட்டால் இரண்டுக்கும் வராதவருக்கு 0 விழுந்துவிடும். முடிவு இப்படி மாறும்:

=இஃப்(கவுண்ட்இஃப்(சி4:ஜி4, ">=35")+கவுண்ட்இஃப்(கே4, ">=20")+கவுண்ட்இஃப்(எல்4, ">=15")=7, "தேர்ச்சி", "தோல்வி")

வாட்ஸ்அப்பில் வந்த சூத்திரத்தை ஒட்டினால் மேற்கோள் குறிகள் வளைந்து வந்து பிழை காட்டக்கூடும். குறிகளை மட்டும் அழித்து மறுபடி தட்டினால் சரியாகும்.

தரவரிசை:

=இஃப்(ஐ4="தேர்ச்சி", கவுண்ட்இஃப்ஸ்(ஐ$4:ஐ$43, "தேர்ச்சி", எச்$4:எச்$43, ">"&எச்4)+1, "-")

டாலர் குறியை விட்டுவிட்டால், கீழே இழுக்க இழுக்க வீச்சும் (4 முதல் 43 வரை என்ற எல்லையும்) கூடவே இறங்கும். தேர்ச்சி பெற்றவர்களில் பட்டியலின் கடைசியில் இருப்பவர் முதல் ரேங்க் வாங்கிவிடுவார். இருவர் சமமென்றால் 1, 1, 3 என்று வரும், அது சரிதான். வரிசைப்படுத்தும்போது ஏ3 முதல் எல்43 வரை முழுக்கத் தேர்ந்தெடுங்கள். ஒரு நெடுவரிசையை மட்டும் பிடித்து வரிசைப்படுத்தினால் ஒருவர் மதிப்பெண் இன்னொருவர் பெயருக்குப் போய்விடும். கோப்பைச் சேமித்து மூடிவிட்டால் ‘அன்டூ’ கொடுத்து மீட்க முடியாது. முதலில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

85 என்பது 850 ஆகாமல் தடுக்க சி4:ஜி43 தேர்ந்தெடுத்து ‘டேட்டா வேலிடேஷன்’, ‘கஸ்டம்’ போய்:

=ஆர்(சி4="ஏபி", ஆண்ட்(இஸ்நம்பர்(சி4), சி4>=0, சி4<=100))

தட்டச்சு செய்வதைத்தான் இது தடுக்கும். வேறு கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் கண்டுகொள்ளாது. உதவித்தொகைப் பட்டியலும் இதே கோப்பில் இருந்தால், வங்கிக் கணக்கு எண் நெடுவரிசையை ஏற்றும் முன்பே ‘டெக்ஸ்ட்’ ஆக்குங்கள். இல்லாவிட்டால் முன்னால் உள்ள பூஜ்ஜியங்கள் மறைந்துவிடும். 15 இலக்கத்துக்கு மேல் உள்ளவை பூஜ்ஜியமாகிவிடும்.

பாடம் நடத்துபவருக்கு தரவரிசையைவிடப் பயன் தருவது அதே கோப்பில் இரண்டாவது ஷீட்: கேள்விக்கு ஒரு நெடுவரிசை. இரண்டாவது வரிசையில் அந்தக் கேள்வியின் மதிப்பெண், 45இல்:

=ஆவரேஜ்(சி4:சி43)/சி2

சதவீதமாகக் காட்டச் செய்யுங்கள். கட்டாயக் கேள்வியை எழுதாதவருக்கு 0. ‘எவையேனும்’ என்ற பிரிவில் தேர்ந்தெடுக்காத கேள்விக்குக் காலி. அங்கே 0 போட்டால் கடினமில்லாத கேள்வியும் கடினமாகத் தெரியும். எத்தனை பேர் அதைத் தொட்டார்கள் என்று கவுண்ட் சொல்லும்.

தேல்ஸ் தேற்றத்துக்கு 5க்குச் சராசரி 1.6, அதாவது 32 சதவீதம் என்று வந்தால், உடனே =கவுண்ட்இஃப்(சி4:சி43, 0) போட்டுப் பாருங்கள். இருபது பேர் பூஜ்ஜியமென்றால் பாடத்தை மறுபடி எடுக்க வேண்டும். பூஜ்ஜியமே இல்லாமல் எல்லோரும் ஒன்று, இரண்டு என்று நின்றால், படம் போட்டுத் தரவு எழுதிய பின் நிரூபணத்தின் ஏதோ ஒரு படியில் நின்றுவிட்டார்கள்; பத்து விடைத்தாளைப் புரட்டினால் எந்தப் படி என்று தெரிந்துவிடும், அதற்கு ஒரு பாடவேளை போதும்.