காட்டுமாடு உங்களுக்காக நிற்கவில்லை: கொடைக்கானலில் ஒரு நாள் சுற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிறு காலை ஏழு மணி இருக்கும். ஏரியிலிருந்து மேலே ஏறும் சந்து ஒன்றில் பெரிய காட்டுமாடு, தனிக்காளை, ஓரமாகப் புல் மேய்ந்துகொண்டிருந்தது. வெளியூர் கார் ஒன்று வந்து நின்றது. அப்பா இறங்கினார். நாலு வயதுப் பிள்ளையைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு பத்தடி தூரம்வரை போய்விட்டார். அம்மா காருக்குள்ளிருந்து போனை நீட்டிக்கொண்டிருந்தார். கத்தினால் மாடு மிரளும் என்பதால் மெதுவாக நடந்துபோய் அந்த அப்பாவின் முழங்கையைப் பிடித்துப் பின்னால் கூட்டிவந்தேன். "ஒண்ணும் பண்ணாது சார், சாதுவா நிக்குது பாருங்க" என்றார். பதினாறு வருடத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பறவை பார்க்க வருகிறவர்களைச் சோலைக்குள் கூட்டிப்போவது என் வேலை. ஸ்வெட்டர் கொண்டுவாருங்கள், மலைப்பாதையில் வாந்தி வரும், எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

ஒரே நாளில் பத்து இடம்

கோக்கர்ஸ் வாக், பிரையண்ட் பூங்கா, பைன் காடு, தூண் பாறை என்று ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். ஒவ்வோர் இடத்திலும் இருபது நிமிடம், மீதி நேரமெல்லாம் போக்குவரத்து நெரிசலில். மதியம் ஆனதும் மூடுபனி ஏறிவிடுகிறது. தூண் பாறைக்குப் போய் வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். சாயங்காலம், "இங்கே மிருகமே இல்லையே" என்று என்னிடமே கேட்கிறார்கள்.

காலை ஆறரையிலிருந்து ஒன்பதுவரை ஒரே இடத்தில் இருங்கள். ஏரிக்கரைப் புதர்களிலேயே பழனி சிரிப்பான் என்ற பறவை இருக்கிறது. கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவம், வயிறு செம்பழுப்பு. 1869-ல் இந்தப் பழனி மலையிலிருந்துதான் இதை அறிவியலுக்கு முதலில் விவரித்தார்கள். நீலகிரியில் இருப்பது வேறு இனம். பாலக்காட்டுக் கணவாய் இரண்டையும் பிரித்துவிட்டது. அதாவது ஊட்டிக்கு நூறு தடவை போனாலும் இந்தப் பறவையைப் பார்க்க முடியாது. இங்கே சைக்கிள் வாடகைக்கு எடுக்கும் இடத்துக்குப் பக்கத்துப் புதரிலேயே அது கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

பேரிஜம்

காட்டுக்குள் இருக்கும் இந்த ஏரிக்குப் போக வனத்துறை அனுமதி வேண்டும். யானை நடமாட்டம் இருந்தால் மூடிவிடுவார்கள். திறக்கச் சொல்லிக் கெஞ்சாதீர்கள்.

குரங்குக்குத் தீனி

வேண்டாம்.

மாடு பக்கவாட்டில் திரும்பியதை போஸ் என்று நினைப்பது

இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

காட்டெருமை என்று எல்லாரும் சொன்னாலும் அது எருமை இல்லை, மாட்டினம். சங்கப் பாடல்களில் வரும் ஆமா இதுதான். வளர்ந்த காளை தோள் உயரம் ஆறடியைத் தொடும், எடை ஆயிரம் கிலோவரைகூடப் போகும். அடிப்படையில் கூச்சமுள்ள பிராணி. ஆளைக் கண்டால் விலகிப்போகத்தான் பார்க்கும்.

அது மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கினால், உங்களைக் கவனித்துவிட்டது என்று அர்த்தம். மூக்கால் 'புஸ்' என்று காற்றை விட்டால் எச்சரிக்கை. அதற்கப்புறம் முழு உடம்பும் தெரிகிற மாதிரி பக்கவாட்டில் திரும்பி, முதுகுத் திமில் புடைக்க, அசையாமல் நிற்கும். 'நான் எவ்வளவு பெரியவன் பார்' என்று அடுத்த காளைக்குக் காட்டும் அதே நிலையைத்தான் அது இப்போது உங்களுக்குக் காட்டுகிறது. போட்டோ எடுப்பவருக்கு இதைவிட நல்ல கோணம் கிடையாது. அதனால் இன்னும் இரண்டடி முன்னால் போகிறார். மாடு போகச் சொல்லும் நேரத்தில் இவர் நெருங்குகிறார். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

நான் செய்ததும் இதே தவறுதான். சூரிய ஆய்வகம் போகும் பக்கத்தில் ஒரு சந்து; ஒரு புறம் கல் சுவர், மறு புறம் கம்பி வேலி. மாடு பக்கவாட்டில் நின்றது, நான் கேமராவோடு நெருங்கினேன். அந்த நேரம் அதன் பின்னால் ஒரு ஜீப் வந்து ஹாரன் அடித்தது. மாட்டுக்கு இருந்த ஒரே வழி நான் நின்ற இடம். சுவரோடு ஒட்டினேன். அதன் விலா என் தோளை உரசிக்கொண்டு போனது. ஈரச் சேறும் மாட்டுக்கொட்டில் வாசனையும் இன்னும் நினைவிருக்கிறது. சுவரோரத்து ஓடையில் விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது, கேமரா போனது, இரண்டு மாதம் வேலை இல்லை. அந்த மாடு என்னை முட்டவே இல்லை. வெளியேறத்தான் பார்த்தது.

அதனால் காட்டுமாட்டைக் கண்டதும் முதலில் அது எந்த வழியாகப் போகும் என்று பாருங்கள். அந்த வழியில் நிற்காதீர்கள். சுவருக்கும் வேலிக்கும் நடுவில் இருந்தால் நீங்கள் வந்த வழியே பின்வாங்குங்கள், முதுகைக் காட்டி ஓடாதீர்கள். நல்ல படம் வேண்டும் என்றால் காருக்குள்ளிருந்து எடுங்கள்.

தீனி வைத்து வரவழைக்கும் விடுதிகள்

மலையுச்சிப் புல்வெளிகளில் சீகையும் (வாட்டில் மரம்) பைனும் தைலமரமும் நட்டுப் புல்லை அழித்தோம். இப்போது நல்ல புல் இருப்பது ஊருக்குள் பங்களாத் தோட்டங்களில்தான். மாடு ஊருக்கு வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சுற்றியுள்ள காட்டை 2013-ல் சரணாலயமாக அறிவித்தார்கள். ஆனால் மாட்டுக்கு அந்த எல்லைக்கோடு தெரியாது. இந்த நிலைமையில் சில விடுதிகளில் காய்கறிக் கழிவையும் கேரட் தழையையும் பின்வாசலில் கொட்டி, விருந்தாளிகளுக்குக் காட்டுகிறார்கள். நான் ஒரு விடுதியில் நேரிலேயே பார்த்தேன். சமையல்கார அண்ணன் வாளியைத் தட்டியதும் மூன்று மாடுகள் இறங்கிவந்தன. வாளிச் சத்தத்துக்குப் பழகிய மாடு, நாளைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையின் பையையும் முகர்ந்துபார்க்க வரும். உங்கள் விடுதியில் அப்படிக் கொட்டினால் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.

இருட்டிய பிறகு

கருத்த உடம்பு மூடுபனியில் தெரியவே தெரியாது. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி நாலு கால் மட்டும் ரோட்டில் தெரியும். அதைத் தேடிக்கொண்டே ஓட்டுங்கள். ஹை பீம் போட்டால் பனிதான் பளிச்சென்று திருப்பி அடிக்கும். ஒரு மாடு கடந்துவிட்டது என்று உடனே ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீர்கள். பின்னால் கூட்டம் இருக்கும், கன்றுகளும் இருக்கும். நான் எஞ்சினை அணைத்துவிட்டு, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, தார் ரோட்டில் குளம்புச் சத்தம் நிற்கும்வரை காத்திருப்பேன்.